இரண்டு பக்கமும் ஒன்றுபோல

எனக்குப் பன்னிரண்டு வயது நடந்தபோது அப்பாவும் சித்தப்பாவும் ஒன்பது மாதம் பேசிக்கொள்ளவில்லை. ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளவில்லை என்று சொல்ல வேண்டும். என்னோடு இருவருமே ஓயாமல் பேசினார்கள். ஒரே கூடத்தில் ஆறடி தள்ளி உட்கார்ந்துகொண்டு அப்பா, "உங்க சித்தப்பன்கிட்ட சொல்லு, வெளிய போம்போது ஃபேன நிறுத்திட்டுப் போவணும்னு" என்பார். அது சித்தப்பா காதில் விழுந்துவிட்டது என்பது மூன்று பேருக்கும் தெரியும். ஆனாலும் சித்தப்பா என் முகத்தைப் பார்த்துக் காத்திருப்பார். நான் ஒருமுறை சொன்ன பிறகுதான், "உங்கப்பாகிட்ட சொல்லு, ஃபேன் போட்டது நான் இல்ல, அண்ணின்னு" என்று பதில் வரும். அதையும் நான் சுமந்துகொண்டு ஆறடி நடக்க வேண்டும்.

அந்த வேலைக்கு என்னைவிடப் பொருத்தமான ஆள் எங்கள் தெருவிலேயே கிடைத்திருக்காது. எனக்கு அப்போது காலில் சக்கரம். சாப்பாட்டைக்கூட நின்றுகொண்டே சாப்பிடுவேன். "இவள ஒரு எடத்துல உக்கார வச்சவங்களுக்கு ஒரு புடவ இனாம்" என்று அம்மா அக்கம்பக்கத்தில் சொல்லிவைத்திருந்தாள். முதல் இரண்டு வாரம் எனக்கு ஏதோ பதவி கிடைத்துவிட்ட மிதப்பு. செய்தியை எடுத்துப் போகும்போது கொஞ்சம் உப்பும் காரமும் சேர்த்துக்கூடச் சொல்லியிருக்கிறேன். அப்புறம்தான் பயம் வந்தது. வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று ஒருநாள் தோசைக்கல் முன்னால் நிற்கும்போது உறைத்தது. இவர்கள் இனிமேல் பேசவே மாட்டார்களோ என்று நினைத்தேன். அன்றைக்குத் தோசை இறங்கவில்லை.

சண்டைக்குக் காரணம் ஒரு பள்ளம். எங்கள் கூடத்தில் தாத்தா காலத்திலிருந்து இரண்டு தறிகள். நெய்கிறவர் கால் விட்டு உட்காருவதற்குத் தறிக்கு ஒரு பள்ளம். ஒன்று அப்பாவுடையது, மற்றது சித்தப்பாவுடையது. சித்தப்பா ஏனாத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் இரண்டு வருடம் படித்து, அதைப் பாதியில் விட்டு, மூன்று வருடம் தறியில் உட்கார்ந்து, அதையும் விட்டு, ஒரகடம் பக்கத்தில் ஒரு கம்பெனிக்கு ஷிப்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். தறி சும்மா கிடந்தது. அதுவரை அப்பா பொறுத்துக்கொண்டார். கார்த்திகை மாதத்தில் ஒருநாள், நெய்து முடித்த புடவையை அப்பா முதலாளி கடைக்குக் கொண்டுபோயிருந்த நேரம் பார்த்து, சித்தப்பா தன் தறியைக் கழற்றிப் பரணில் ஏற்றிவிட்டார். பள்ளத்தைப் பலகை போட்டு மூடி அதன்மேல் ஒரு மேஜையையும் போட்டுவிட்டார். எங்கள் தெருவில் தறியைப் பிரித்த சேதியைக் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார்கள். அப்பா வந்தார், மூடிய பள்ளத்தைப் பார்த்தார். "என்னை ஒரு வார்த்த கேக்கணும்னு தோணல இல்ல?" என்றார். அதுதான் கடைசிப் பேச்சு.

மேஜையின்மேல் சித்தப்பா ஒரு கிதார் செய்யத் தொடங்கினார். கல்லூரியில் ஹாஸ்டல் பையன் ஒருவனுடைய கிதார், முகப்புப் பலகை உள்வாங்கிப் பாழாய்ப் போனதாம். சரி பண்ணித் தருகிறேன் என்று வாங்கி அதன் முதுகைப் பிரித்து உள்ளே பார்த்த அன்றைக்கே அவர் படிப்பு போயிற்று. அதிலிருந்து எந்நேரமும் போனில் யாரோ வெள்ளைக்காரர் மரம் செதுக்குகிற வீடியோதான். இத்தனைக்கும் சித்தப்பாவுக்குக் கிதார் வாசிக்க வராது. கம்பிகளைச் சேர்த்து அழுத்துகிற கார்டு மூன்றே மூன்று பிடிக்கத் தெரியும், அதையும் நாக்கைத் துருத்திக்கொண்டுதான் பிடிப்பார்.

"வாசிக்கவே தெரியாதவனுக்கு இது எதுக்குன்னு கேளு" என்றார் அப்பா.

கேட்டேன். "புடவ நெய்யறவரு புடவ கட்டிக்கினா இருக்காருன்னு கேளு" என்றார் சித்தப்பா.

இதை மட்டும் ஓர் எழுத்துக்கூட மாற்றாமல் கொண்டுபோய்ச் சேர்த்தேன். அப்பா சட்டென்று குனிந்து அறுந்த இழை ஏதோ தேடினார். அவர் உதடு துடித்ததை நான் பார்த்துவிட்டேன். சிரித்துத் தொலைத்தால் என்ன என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

சித்தப்பா உள்ளே பார்த்தது என்னவென்றால், குச்சிகள். கிதாரின் முகப்புப் பலகை மூன்று மில்லிமீட்டர்கூட இருக்காது. ஆறு இரும்புக் கம்பிகளையும் முறுக்கேற்றிவிட்டால் ஒரு வளர்ந்த ஆள் பிடித்துத் தொங்குகிற அளவுக்கு அதை இழுக்கும். அந்த இழுப்பில் பலகை மடங்கிவிடாமலிருக்க உட்புறத்தில் குச்சிகளை ஒட்டுகிறார்கள். பெருக்கல் குறிபோல இரண்டு பெரிய குச்சிகள், அவற்றைச் சுற்றிச் சின்னதாக இன்னும் சில. சித்தப்பா பிரேஸ் என்பார். எங்கள் வீட்டில் குச்சி என்றே பெயர் நிலைத்துவிட்டது. குச்சி தடியாக இருந்தால் பலகை பத்திரம், ஆனால் வாயைத் திறக்காது. ரொம்ப இளைத்துவிட்டால் நன்றாகக் கத்தும், பிறகு உள்வாங்கிவிடும். இரண்டுக்கும் நடுவே ஓர் இடம் இருக்கிறது. அதைத் தேடித்தான் சித்தப்பா மாதக்கணக்கில் செதுக்கினார்.

ஷிப்டிலிருந்து வந்ததும் முகம் கழுவிவிட்டு உட்காருவார். நான் மேஜையைச் சுற்றிச் சுற்றி வருவேன். பலகையின் ஓரத்தை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, காதோடு வைத்து, மறு கையால் நடுவில் ஒரு தட்டுத் தட்டுவார். கண்ணை மூடிக்கொள்வார். உளியால் ஒரு சீவல் சீவுவார். வெங்காயத் தோல்போல ஒரு சுருள் விழும். மறுபடி தட்டுவார். ஆரம்பத்தில் அட்டைப் பெட்டியைத் தட்டினாற்போல 'டக்' என்றுதான் இருந்தது. வாரம் ஒன்றிரண்டு போகப் போக அது 'டம்ம்' என்று கொஞ்சம் நீண்டு நின்றது. எனக்கு இதெல்லாம் ஆகாது. "ஒரேடியா சீவித் தள்ளிடேன் சித்தப்பா" என்பேன். "சீவினா சீவினதுதாம்மா. திரும்ப ஒட்ட முடியாது" என்பார்.

சித்திரை கடைசியில் பலகையை வளைந்த பக்கச் சட்டத்தோடு ஒட்டியாயிற்று. முதுகு மட்டும் பாக்கி. திறந்த டப்பாபோல அது மேஜையில் கவிழ்ந்து கிடக்க, உள்ளே குச்சிகள் எல்லாம் தெரிந்தன. அப்போதுதான் கடைசிச் செதுக்கல். தடித்த கம்பிகள் வருகிற பக்கத்துக் குச்சிகளை நன்றாக இளைத்து, நடுவில் குழிவாக அள்ளி எடுத்தார். மெல்லிய கம்பிகள் வருகிற பக்கத்தை அப்படியே தடியாக விட்டுவிட்டார்.

"இந்தப் பக்கம் செய்யலியா?"

"செஞ்சாச்சு. அவ்ளோதான் அதுக்கு. கனமான சத்தம் வரணும்னா பலக தாராளமா ஆடணும், அதுக்கு அந்தப் பக்கம் லூசு. மெல்லிசு கம்பிங்களுக்கு சத்தம் கணீர்னு வரணும்னா இந்தப் பக்கம் ஸ்டிஃப்பா நிக்கணும். ரெண்டும் ஒண்ணா இருந்தா ரெண்டுமே கெட்டுது."

நான் பாதியைத்தான் கேட்டேன். தெருவில் ஐஸ் வண்டி மணி அடித்தது, ஓடிவிட்டேன்.

பெங்களூரில் ஐந்தாறு பேர் கையாலேயே கிதார் செய்கிற ஒரு பட்டறை இருந்தது. சித்தப்பா மாதக்கணக்கில் எழுதிக் கேட்டு, கடைசியில் அதன் முதலாளி ஒரு வழி சொல்லியிருந்தார்: நீயே செய்த கிதார் ஒன்றை ஆவணிக்குள் கொண்டுவா, பிடித்திருந்தால் சேர்த்துக்கொள்கிறேன், இந்த வருடம் ஓர் இடம்தான். சித்தப்பாவுக்கு உயிர் இதில்தான் இருந்தது. கம்பெனியில் எட்டு மணி நேரம் ஒரே போல்ட்டை முடுக்கிவிட்டு வருகிற மனுஷன், அந்த மேஜைக்கு முன்னால் உட்கார்ந்தால் முகமே வேறாகிவிடும். "அது எப்படி பெங்களூரு போவுதுன்னு நானும் பாக்கறேன்" என்று அப்பா அம்மாவிடம் சொன்னதை நான் கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டேன். இந்தச் செய்தியை யாரும் எடுத்துப்போகச் சொல்லவில்லை. நானாகவும் கொண்டுபோகவில்லை.

அப்பாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் ஊர்ப் புடவையில் உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம்; இரண்டையும் நெசவிலேயே கோத்து வாங்குவதற்குப் பெயர் கோர்வை. அதற்கு இரண்டு ஆள் வேண்டும். அப்பா பள்ளத்தில் உட்கார்ந்து நெய்ய, பக்கத்தில் அம்மா உட்கார்ந்து ஒரு கரைக்கான ஊடுநூல் சுற்றிய நாடாவைத் தள்ளிக் கொடுப்பாள். இரண்டு கரையும் அகலத்திலும் பூவிலும் அடிக்கிற அடியிலும் ஒன்றுபோல இருக்க வேண்டும். ஒரு பக்கம் கொஞ்சம் தளர்ந்து ஒரு பக்கம் இறுகினால் புடவை கட்டும்போது இழுத்துக்கொள்ளும். முதலாளி மூஞ்சியில் அடிக்கிறாற்போலத் திருப்பிக் கொடுத்துவிடுவார். அப்பாவுக்கு அப்படி ஒரு புடவைகூடத் திரும்பி வந்ததில்லை. சாமி படங்கள்கூட எங்கள் வீட்டில் கோணலாகத் தொங்க முடியாது.

வைகாசி பிறந்ததும் அம்மா தென்னேரிக்குப் போனாள். அவள் தங்கைக்குக் குழந்தை பிறந்து பெயர் வைக்கிற விசேஷம், மூன்று நாள். எனக்குப் பள்ளி விடுமுறைதான். ஆனால் அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் சோறு எடுத்து வைக்க ஆள் வேண்டுமென்று என்னை விட்டுவிட்டுப் போனாள். செய்தி எடுத்துப் போகவும் ஆள் வேண்டுமே. அம்மா இல்லையென்றால் கோர்வை இல்லை, தறி நின்றுவிட்டது. புதன்கிழமை காலை சித்தப்பா முதல் ஷிப்டுக்குப் போய்விட்டார். அப்பா கூடத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார். நாடாக்களைத் துடைத்தார், துடைத்ததையே துடைத்தார். என்னுடைய அந்தக் காலில் கட்டிய சக்கரம் எங்கிருந்து வந்தது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அப்புறம் மேஜைக்கு முன்னால் போய் நின்றார். ஆறு மாதத்தில் முதல்முறையாக.

மேலே போர்த்தியிருந்த துணியை எடுத்துவிட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். உள்ளே பார்த்தவர் நிமிரவே இல்லை. கொஞ்ச நேரம் கழித்துப் போய், தறியிலிருந்து சிவப்புப் பட்டு இழை ஒன்றை அறுத்து வந்தார். இளைத்த பக்கத்துக் குச்சியின்மேல் அதை வைத்து அளந்து முடிச்சுப் போட்டார். அதை எடுத்து மறுபக்கத்துக் குச்சியின்மேல் வைத்தார். உச்சுக்கொட்டினார்.

"ஒரு கர ஒரு மாதிரி, இன்னொரு கர ஒரு மாதிரி. இத எடுத்துக்கினு போயி நின்னா எவன் மதிப்பான்?"

என்னிடம் சொல்லவில்லை. மேஜையிடம் சொன்னார். பிறகு சித்தப்பாவின் ஸ்டூலில் உட்கார்ந்து, சித்தப்பாவின் உளியைக் கையில் எடுத்தார்.

"அப்பா, அது சித்தப்பாவுது."

"தெரியும். போ."

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி என்பார்களே, அது என் கண் முன்னால் நடந்தது. அவர் சீவினார், இழையை வைத்து அளந்தார், மறுபடி சீவினார். தெருவுக்கு ஓடினேன், திரும்பி வந்தேன், சீவிக்கொண்டிருந்தார். சோறு எடுத்து வைத்தேன்; "அப்புறம்" என்றார். இரண்டாம் முறை கூப்பிட்டேன், காதிலேயே விழவில்லை. உப்புத்தாளைச் சின்னதாகக் கிழித்து விரலில் சுற்றிக்கொண்டு அந்தக் குச்சிகளைத் தேய்த்தார். இதில் கொடுமை என்னவென்றால், கரைப்பூ நன்றாக விழும்போது மூக்காலேயே ஒரு பாட்டு முனகுவாரே, அதை முனகினார். மனுஷனுக்குச் சந்தோஷம் வேறு! தம்பியின் சாமானைக் கெடுப்பதில் இவ்வளவு சந்தோஷமா என்று எனக்கு அழுகை வந்தது. என் அப்பாவை நான் வெறுத்த ஒரே மத்தியானம் அது.

மூன்று மணிக்கு எழுந்தார். விழுந்த சுருள்களை ஒன்றுவிடாமல் காகிதத்தில் கூட்டி எடுத்தார். துணியை முன்போலவே போர்த்தினார். "அவன்கிட்ட சொல்லாத" என்றார்.

ஆறு மாதமாக 'சொல்லு, சொல்லு' என்றே கேட்டுப் பழகினவள் நான். சொல்லாதே என்றால் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அன்று சாயங்காலம் சித்தப்பா வந்தார். துணியை எடுத்துப் பார்க்கவே இல்லை. உள்வேலை முடிந்துவிட்டது என்பது அவர் எண்ணம். முதுகுப் பலகையைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். வெள்ளிக்கிழமை அவருக்கு வார விடுமுறை, அன்று முதுகை ஒட்டி மூடுவதாக இருந்தது. மூடிவிட்டால் முடிந்தது. வியாழக்கிழமை முழுக்க நான் இருதலைக் கொள்ளி எறும்பாகத் தவித்தேன். சொன்னால் இருவரும் அடித்துக்கொள்வார்கள், சித்தப்பா பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டைவிட்டுப் போய்விடுவார். சொல்லாவிட்டால் அந்தக் கிதார் பெங்களூரில் போய்ச் சிரிப்பாய்ச் சிரிக்கும். சைக்கிளை எடுத்துக்கொண்டு திருப்பருத்திக்குன்றம் வரைக்கும் மிதித்துப் போய், அங்கே இறங்கக்கூடச் செய்யாமல் அப்படியே திரும்பி வந்தேன். வந்து இரண்டு குடம் தண்ணீர் பிடித்தேன். பிடித்த தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிட்டு மறுபடி பிடித்தேன். சாயங்காலம் தென்னேரியிலிருந்து வந்த அம்மா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை காலை. அப்பாவும் அம்மாவும் தறியில் உட்கார்ந்துவிட்டார்கள். சித்தப்பா பசையைத் திறந்து வைத்தார். இறுக்கிக் கட்டுவதற்குப் பழைய சைக்கிள் டியூபை நீள நீளமாக வெட்டி மேஜையில் அடுக்கினார். அவர் கை துணியின்மேல் போனதும் என்னால் முடியவில்லை. அவர் கையைப் பிடித்துத் தரதரவென்று கொல்லைப்புறத்துக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டேன்.

"அப்பா சீவிட்டாரு சித்தப்பா. இந்தப் பக்கத்தயும். புதன்கெழம. அந்தப் பக்கம் மாதிரியே சீவிட்டாரு. சொல்லாதன்னாரு."

சித்தப்பாவுக்கு முகம் வெளுத்துப்போயிற்று. விறுவிறுவென்று உள்ளே போனார். நான் பின்னாலேயே ஓடினேன். துணியை எடுத்தார். நாடா நின்றது, அப்பா தலையைத் தூக்கவில்லை, ஆனால் நெய்யவும் இல்லை. சித்தப்பா சட்டத்தைத் தூக்கிப் பலகையைத் தட்டினார். எனக்கே கேட்டது. முன்பிருந்த கணீர் இல்லை. பானையைத் தட்டினதுபோல் 'தொம்' என்று தொங்கிற்று. இன்னொரு முறை தட்டினார். பிறகு வெளிச்சத்தில் பார்க்கிறவர்போல அதைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்கே வந்துவிட்டார்.

இனி உள்ளே போய்க் கத்தப்போகிறார் என்று நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். அவர் கத்தவில்லை. துவைக்கிற கல்லில் உட்கார்ந்து, குச்சியின்மேல் கட்டை விரலை வைத்து மெதுவாக ஓட்டினார். ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு. மறுபடி இந்த முனைக்கு. குச்சி சட்டத்தைத் தொடுகிற இடுக்கில் சிவப்பு இழை ஒரு துணுக்கு ஒட்டிக்கொண்டிருந்தது.

"எவ்ளோ நேரம் உக்காந்துக்கினு இருந்தாரு?"

"நீ போனதுலருந்து. மூணு மணி வரைக்கும். சோறுகூடத் துண்ணல."

"இழ வச்சி அளந்தாரா?"

"ஒவ்வொரு தடவயும்."

சித்தப்பா அந்தத் துணுக்கை நகத்தால் எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் தோள் குலுங்கியது. சிரிக்கிறாரா என்று குனிந்து பார்த்தேன். கண்ணில் தண்ணீர்.

"வேற குச்சி ஒட்டிடு சித்தப்பா. மரம்தான் மிச்சம் இருக்குதே. பத்து நாள்ல ஆயிடும்ல?" என்றேன். ஆகியிருக்கும். ஆவணிக்கு இன்னும் நாள் கிடந்தது.

"இருக்கட்டும்" என்றார்.

"கெட்டுப்போச்சுன்னு நீதானே சொன்ன? ரெண்டும் ஒண்ணா இருந்தா ரெண்டுமே கெட்டுதுன்னு?"

"இருக்கட்டும்மா" என்று மறுபடி சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போனார். அப்பாவின் கண்ணுக்கு நேராக, ஆறடி தள்ளி, ஓரத்தில் சுற்றிலும் பசை தடவி, முதுகுப் பலகையை வைத்து, டியூபால் இறுக்கிக் கட்டினார். நாடா மறுபடி ஓடத் தொடங்கியது. சித்தப்பாவுக்கு மூளை பிசகிவிட்டதென்று முடிவு கட்டினேன். அவரோடு நான் நான்கு நாள் பேசவில்லை. அந்த நான்கு நாளும் எங்கள் வீட்டில் மூன்று பேர் பேசாமலிருந்தோம், அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

ஆடி முடிவதற்குள் கழுத்து வைத்து, மெருகு போட்டு, கம்பி கட்டியாயிற்று. சித்தப்பா நாக்கைத் துருத்திக்கொண்டு தனக்குத் தெரிந்த மூன்று கார்டையும் வாசித்தார். கனத்த கம்பிகள் கூடம் முழுக்க அதிர்ந்தன, பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து எட்டிப் பார்த்து ஆகா ஓகோ என்றார்கள். மெல்லிய கம்பிகளின் சத்தம் மட்டும் ஈரத்துணியில் சுற்றினதுபோலக் குழைந்து வந்தது. அது இரண்டு பேருக்குத்தான் தெரிந்தது. நான் சித்தப்பாவைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்க்கவில்லை. அப்பா தறியிலிருந்தபடியே, "சத்தம் நல்லா வருதுன்னு சொல்லு" என்றார். அந்தச் செய்தியை நான் கொண்டுபோக மறுத்துவிட்டு எழுந்து வெளியே போனேன்.

ஆவணியில் சித்தப்பா அதைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு பெங்களூருக்குப் பஸ் ஏறினார். மறுநாள் மத்தியானம் அம்மாவின் போன் அடித்தது. அம்மா கடைக்குப் போயிருந்தாள், நான் எடுத்தேன். பின்னால் பஸ் ஸ்டாண்டு இரைச்சல்.

"யாரு பக்கத்துல?"

"யாரும் இல்ல. இன்னா சொன்னாங்க?"

"டார்ச் அடிச்சி உள்ள கண்ணாடி வுட்டுப் பாத்தாரும்மா. மெல்லிசு கம்பிப் பக்கம் ஏன் இப்டி சீவின, யாரு சீவினதுன்னாரு. நான்தான்னேன். கை ரொம்ப சுத்தமா இருக்குதாம். காதுதான் இன்னும் வரலயாம். இன்னொண்ணு பண்ணிக்கினு அடுத்த வருசம் வான்னுட்டாரு."

"உனக்கா காது இல்ல? நீ அப்பா பேர சொல்ல வேண்டியதுதானே!" என்று கத்தினேன். போனிலேயே அழுதேன்.

"வீட்ல சொல்லாத" என்றார். இரண்டாவது முறையாக ஒருவர் என்னிடம் சொல்லாதே என்றார்.

அடுத்த நாள் விடிந்து வெயில் ஏறின பிறகு வந்து சேர்ந்தார். கிதாரை மேஜையில் வைத்துவிட்டுச் சட்டையைக் கழற்றினார். அம்மா காப்பி போட உள்ளே போனாள். நான் தறிக்கும் மேஜைக்கும் நடுவில், என் வழக்கமான இடத்தில் நின்றிருந்தேன். கட்டை விரல் தரையில் நிற்க மாட்டேனென்றது. அப்பா நாடாவைக் கீழே வைத்தார்.

"இன்னா சொன்னாங்க?"

"இன்னொண்ணு பண்ணிக்கினு வரச் சொன்னாங்க."

"உள்ள பாத்தாங்களா?"

"பாத்தாங்கண்ணா. டார்ச் அடிச்சி, கண்ணாடி வச்சிப் பாத்தாங்க. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்குதுன்னாரு. கை ரொம்ப சுத்தம்னாரு."

அப்பாவின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. நல்ல வேலையென்றால் அப்படித்தானே இருக்கும் என்பதுபோலத் தலையை மட்டும் ஆட்டினார். நாடாவை எடுத்தார், மறுபடி வைத்தார்.

"அடுத்தது பண்ணும்போது சொல்லு. நானும் கூட உக்கார்றேன்."

"சரிண்ணா" என்றார் சித்தப்பா.

எனக்குத் தாங்கவில்லை. அடுத்ததையும் கெடுத்துக்கொள்ளச் சரி என்கிறாரே! ஒரு வருடம் போயிற்று, அந்த இடம் போயிற்று, ஊர் பேர் தெரியாத ஒரு ஆளிடம் காது இல்லாதவன் என்ற பெயரும் வாங்கியாயிற்று, இன்னும் இந்த மனுஷனுக்குப் புத்தி வரவில்லையே என்று அடுப்படிக்கு ஓடிப்போய் அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதேன். அம்மாவும் அழுதுகொண்டிருந்தாள். அவளுக்கு எப்படி விஷயம் தெரிந்தது, நான் யாரிடமும் சொல்லவில்லையே என்று அழுகைக்கு நடுவிலும் குழம்பினேன். பால் பொங்கி வழிவதைக்கூடப் பார்க்காமல் அவள் கூடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அங்கே இருவரும் இன்னும் பேசிக்கொண்டிருந்தார்கள். நடுவில் நான் இல்லை என்பது எனக்கு உறைக்கவே இல்லை.